காது கேட்காத எடிசனும் களக்காட்டு ஹோம் தியேட்டரும்

ஏத்தன் வாழைத்தாருக்கு நல்ல விலை கிடைத்த வருஷம், களக்காடு பக்கத்து வீடுகளில் முதலில் மாறுவது டிவிதான். பழைய டப்பா டிவி போய் 43 இன்ச் வந்து சுவரில் ஏறும். ஒரு வாரம் எல்லோரும் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அடுத்த வாரம் பேச்சு மாறிவிடும். படம் கண்ணாடி மாதிரி இருக்கு, சத்தம்தான் தகர டப்பாவுக்குள்ள பேசுற மாதிரி இருக்கு!

குறை டிவியில் இல்லை, அதன் உடம்பில். விரல் தடிமனுக்கு மெலிந்துபோன டிவிக்குள் நல்ல ஸ்பீக்கர் உட்கார இடமே கிடையாது. இருக்கிற சின்ன ஸ்பீக்கரும் பெரும்பாலும் தரையையோ சுவரையோ பார்த்துத்தான் பேசும். அப்புறம் என்ன, ஹோம் தியேட்டர் வாங்கணும். கையில் இருப்பது பத்தாயிரம், மிஞ்சிப்போனால் பதினைந்தாயிரம். திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ பஸ் ஏறிப் போனால் கடையில் நாற்பது பெட்டி அடுக்கியிருக்கிறது. எதை எடுப்பது?

இந்தக் கேள்விக்கு வயது நூற்றுக்கும் மேல். இயந்திரம் எழுப்பும் சத்தத்தை முதன்முதலில் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவர முயன்ற மனுஷர், குறைந்த காசில் அதைக் கொடுக்க எதைக் குறைப்பது, எதைத் தொடவே கூடாது என்று வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார். அவர்தான் தாமஸ் ஆல்வா எடிசன். நமக்கு அவர் பல்புக்காரர். ஆனால் பாட்டுப்பெட்டியும் 1877-லிருந்து 1929 வரை, விட்டுவிட்டுத்தான் என்றாலும், அவர் கூடவே வந்தது. அதில் அவர் சரியாகச் செய்ததும் உண்டு, பிடிவாதத்தில் கோட்டை விட்டதும் உண்டு. பட்ஜெட் போட்டு சவுண்டு சிஸ்டம் வாங்கப் போகிறவருக்கு ரெண்டுமே உபயோகம்.

ரயிலில் மிட்டாய் விற்ற பையன்

1847 பிப்ரவரி 11 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மிலன் என்ற சிற்றூரில் பிறந்தார். வீட்டில் கடைக்குட்டி. பள்ளிக்கூடம் போனது சில மாதங்கள்தான். மீதியெல்லாம் அம்மா நான்ஸி வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தது. 12 வயதில் போர்ட் ஹூரனிலிருந்து டெட்ராய்ட் போகிற ரயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்க ஆரம்பித்தார். காது அந்த வயதிலேயே மந்தமாகிவிட்டது. ஏன் அப்படி ஆனது என்பதற்கு அவரே பின்னாளில் வெவ்வேறு கதைகள் சொன்னார்.

அந்த மந்தமான காதோடுதான் தந்தி ஆபரேட்டர் ஆனார். பக்கத்து மேஜை இரைச்சல் எதுவும் கேட்காது, தன் கருவியின் டக் டக் மட்டும் கேட்கும். அதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டார். தந்தி மேல் எவ்வளவு பிரியம் என்றால், மூத்த பிள்ளைகள் இருவருக்கும் மோர்ஸ் குறியீட்டின் புள்ளி, கோடு என்றே செல்லப்பெயர் வைத்தார். முதல் மனைவி மேரி 1884-ல் இறந்த பிறகு, மினா மில்லரை 1886-ல் மணந்தார். மினாவுக்கு மோர்ஸ் கற்றுக்கொடுத்து, கையில் தட்டித் தட்டியே சம்மதம் கேட்டார். அதன்பிறகும் ஆயுசு முழுக்க அவருக்குக் கேட்காததை மினா விரலால் தட்டிச் சொல்வது வழக்கம்.

1877-ல் தந்தி, தொலைபேசி ஆராய்ச்சிக்கு நடுவே, பேச்சின் அதிர்வை ஒரு ஊசியால் கீறிவைத்தால் அதே கீறல் திரும்பப் பேசுமா என்று ஒரு யோசனை. படம் வரைந்து ஜான் க்ரூசி என்ற தொழிலாளியிடம் கொடுத்தார். உருளை மேல் ஈயத்தாள் சுற்றி, கையால் சுற்றுகிற சின்ன இயந்திரம். அதில் எடிசன் ஒரு ஆட்டுக்குட்டிப் பாட்டைச் சொன்னார், ஒரு குழந்தைப் பாட்டுதான். இயந்திரம் அதையே திருப்பிச் சொன்னது. 1878 பிப்ரவரி 19-ல் காப்புரிமை வந்துவிட்டது.

ஆனால் அந்த ஈயத்தாள் நாலைந்து தடவை ஓட்டினாலே கிழிந்துவிடும். ஒரு வேடிக்கைப் பொருளாக ஊர் ஊராகக் காட்டினார்கள், அவ்வளவுதான். எடிசன் அதை மூலையில் வைத்துவிட்டு பல்பு பக்கம் போய்விட்டார். பத்து வருஷம் திரும்பிப் பார்க்கவில்லை.

இதில் இன்னொரு விஷயம். அந்த இயந்திரம் எதற்கெல்லாம் பயன்படும் என்று 1878-ல் அவர் ஒரு பட்டியல் போட்டார். முதல் இடம், ஆபீஸில் கடிதம் சொல்லி எழுத வைக்க. பாட்டு கேட்பது நாலாவது இடம்! கண்டுபிடித்தவருக்கே, ஜனங்கள் இதை எதற்கு வாங்குவார்கள் என்று தெரியவில்லை. ஆபீஸ்களுக்கு வாடகைக்கு விட்டுப் பார்த்தார்கள், ஓடவில்லை. 1889-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மதுக்கடையில், காசு போட்டால் காதுக்குழாய் வழியாகப் பாட்டு கேட்கிற பெட்டியாக மாற்றி வைத்தபோதுதான் சனம் வரிசை கட்டியது. எடிசனுக்கு அது மனசுக்கு ஒப்ப இன்னும் சில வருஷம் ஆனது.

கடைக்குப் போகிறதுக்கு முன்னாடி நம் வீட்டிலும் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இதுதான். இந்தப் பெட்டி எதுக்கு? சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரைக்கும் சீரியலும் நியூஸும், லீவு நாளில் ஒரு படம், காலையில் பக்திப்பாட்டு. பெரும்பாலான வீட்டில் இவ்வளவுதான். அப்படியானால் நீங்கள் வாங்கப்போவது பேச்சுக்குரல் தெளிவாகக் கேட்கிற கருவி. ஜன்னல் கண்ணாடி அதிர்கிற கருவி இல்லை.

ஏழரை டாலர் பெட்டி

1891-ல் ஒரு ஃபோனோகிராஃப் 150 டாலர். அன்றைய சாதாரணத் தொழிலாளி நினைத்துப் பார்க்க முடியாத காசு. 1896-ல் எடிசன் வீடுகளுக்காகவே பாட்டுப்பெட்டி செய்ய நேஷனல் ஃபோனோகிராஃப் கம்பெனியைத் தொடங்கினார். விலை சரசரவென்று இறங்கியது. ஸ்டாண்டர்ட் மாடல் 20 டாலர். 1899-ல் வந்த ஜெம் என்ற குட்டிப் பெட்டி வெறும் 7.50 டாலர்!

எங்கே குறைத்தார் என்பதைத்தான் பார்க்கணும். பெரிய ஸ்பிரிங் போய் சின்ன ஸ்பிரிங் வந்தது. சாவி கொடுத்தால் ஒன்றிரண்டு உருளைக்குத்தான் ஓடும், மறுபடியும் முடுக்கணும். அழகான மரப்பெட்டி போச்சு. கொம்பு சின்னதாச்சு. ஆனால் உருளையின் கீறலைத் தொட்டுச் சத்தமாக மாற்றுகிற தலைப்பகுதி இருக்கிறதே, அதில் கை வைக்கவில்லை. 1902 வாக்கில், விலை கூடிய மாடலுக்குப் போன அதே தலைதான் ஜெம்முக்கும் போனது. ஏழை வீட்டு ஊசியும் பணக்கார வீட்டு ஊசியும் ஒண்ணு. வித்தியாசம் எல்லாம் பெட்டியிலும் பவிசிலும்தான்.

இன்றைக்குக் கடைகளில் இருக்கிற விலை மலிவு ஹோம் தியேட்டர்களில் பாதி இதற்கு நேர் எதிராகச் செய்யப்பட்டவை. பளபளவென்று முன்பக்கம், ஏழு கலரில் ஓடுகிற எல்.இ.டி, கரோக்கி மைக், யு.எஸ்.பி, எஃப்.எம், அஞ்சு ஸ்பீக்கர், பெரிய ரிமோட். உள்ளே உள்ளங்கை அளவு காகித ஸ்பீக்கரும் மெல்லிசான பிளாஸ்டிக் பெட்டியும். காசெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போய்விட்டது, காதுக்கு வர்ற இடத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

அட்டையில் 10,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ என்று போட்டிருப்பார்கள். அதை நம்பாதீங்க. பெட்டியைத் திருப்பி, பின்பக்கத் தகட்டில் மின்சாரம் எவ்வளவு இழுக்கும் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். 60 வாட்ஸ் என்று இருந்தால், 60 வாட்ஸ் கரண்டை வாங்குகிற பெட்டி அதைவிட அதிகமான சத்தத்தைத் தொடர்ந்து கொடுக்கவே முடியாது. பாதிக்கு மேல் சூடாகவே போயிருக்கும். கேட்க வேண்டிய கணக்கு ஆர்.எம்.எஸ் வாட்ஸ். அதிலும் மயங்க வேண்டாம். வாட்ஸ் ரெண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும், காதுக்குக் கொஞ்சம் கூடின மாதிரி தெரியும். சத்தம் ரெண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேணும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு, நல்ல ஸ்பீக்கராக இருந்தால் பக்கத்துக்கு 20, 30 ஆர்.எம்.எஸ் வாட்ஸ் தாராளம்.

நம்ம பக்கத்தில் இன்னொரு வழியும் உண்டு, அசெம்பிள் செட். எலக்ட்ரானிக்ஸ் கடை அண்ணாச்சி போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், கேபினெட் வாங்கி ஆம்ப்ளிஃபையர் கட்டிக்கொடுப்பார். பிளைவுட் பெட்டியில் ஸ்பீக்கர் பூட்டித் தருவார். இதைக் குறைவாக நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த நினைப்பு இல்லை. நல்ல கைக்காரர் கட்டின செட்டு, அதே விலை பிளாஸ்டிக் பெட்டியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். கெட்டுப்போனாலும் அதே தெருவில் சரி பண்ணலாம். ஆனால் அங்கேயும் எடிசன் கணக்கைப் பிடிக்கணும். டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். 12-0-12 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் மொத்தம் 120 வாட்ஸுக்கு மேல் அதிலிருந்து வராது. அதை வைத்துக்கொண்டு யாராவது 500 வாட்ஸ் என்று சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடலாம். கேபினெட்டில் மிச்சம் பிடியுங்கள், டிரான்ஸ்ஃபார்மரிலும் ஸ்பீக்கரிலும் மிச்சம் பிடிக்காதீங்க.

அஞ்சு ஸ்பீக்கரா, ரெண்டா? பட்ஜெட் பதினைந்தாயிரத்துக்குள் என்றால் என் ஓட்டு ரெண்டு நல்ல ஸ்பீக்கருக்கு. காசு மிஞ்சினால் ஒரு சப்வூஃபர். அதே காசை அஞ்சாகவும் ஆறாகவும் பங்கு போட்டால் ஒவ்வொன்றும் சோதாவாகத்தான் இருக்கும். அதுவும் நம்ம வீட்டில் சோபா பின்சுவரை ஒட்டித்தான் கிடக்கும். பின்னாடி ஸ்பீக்கரை எங்கே வைப்பீங்க, பக்கத்து வீட்டிலா?

மேடையில் நடந்த கண்கட்டு

1912-ல் எடிசன் டயமண்ட் டிஸ்க் என்ற புதுத் தட்டைக் கொண்டுவந்தார். கால் அங்குல கனம், வைர ஊசி. அந்தக் காலத்தில் வீட்டில் கேட்க முடிந்த மிகச் சிறந்த சத்தங்களில் ஒன்று என்று இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். அதை விற்க 1915 முதல் பத்து வருஷம் அமெரிக்கா முழுக்க ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். மேடையில் பாடகர் ஒருவர், பக்கத்தில் பாட்டுப்பெட்டி. பாடகர் பாடுவார், நடுவில் நிறுத்துவார், பெட்டி தொடரும். விளக்கை அணைப்பார்கள். விளக்கு எரியும்போது பார்த்தால் மேடையில் பாடகரையே காணோம், பெட்டி மட்டும் பாடிக்கொண்டிருக்கும். எது குரல், எது பெட்டி என்று கூட்டம் திகைத்துப்போகும். 1916-ல் நியூயார்க்கின் கார்னகி ஹாலிலேயே இதை நடத்தினார்கள்.

எப்படி முடிந்தது? அந்த மேடைகளில் பாடிய அன்னா கேஸ், பல்லாண்டுகள் கழித்து வயதான காலத்தில் அதை ஒப்புக்கொண்டார். பெட்டியின் சத்தத்துக்குத் தக்கபடி தன் குரலைக் குறைத்து, அடக்கிப் பாடியிருக்கிறார். பெட்டி மனுஷரைப் போலப் பாடவில்லை, மனுஷர் பெட்டியைப் போலப் பாடினார்.

ஷோரூமில் போட்டுக்காட்டுகிற டெமோவும் இதே ஜாதிதான். அவர்கள் தேர்ந்தெடுத்த வீடியோ, அவர்கள் வைத்த சத்தம், கனத்த திரையும் மெத்தை சோபாவும் போட்ட அவர்கள் அறை. ஹெலிகாப்டர் தலைக்கு மேல் பறக்கும், கண்ணாடி நொறுங்கும், நமக்குப் புல்லரிக்கும். அதில் யாராவது தமிழில் நாலு வரி பேசியிருப்பார்களா? ரெண்டு செட்டை ஒப்பிடும்போது ஒன்றைச் சற்றே கூடுதல் சத்தத்தில் வைத்தாலே போதும், அதுதான் நல்ல செட்டு என்று காது சொல்லிவிடும். காதோட குணம் அது. அதனால் ரெண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். பென் டிரைவிலோ போனிலோ உங்கள் பாட்டை, உங்களுக்கு மனப்பாடமான ஒரு படத்தின் வசனக் காட்சியைக் கொண்டுபோங்கள்.

எதைக் கொண்டுபோவது என்றால், நெல்லைக்காரர்களுக்கு நான் சொல்வது 1962-ல் வந்த கொஞ்சும் சலங்கை படத்துப் பாட்டு. எஸ்.ஜானகி குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும். களக்காட்டிலிருந்து காருகுறிச்சி ஒன்றும் தூரமில்லை, நம்ம ஆற்றங்கரைக்காரர். நாகஸ்வரத்தை மோசமான ஸ்பீக்கரில் போட்டால் காதைக் கிழிக்கும், நல்லதில் போட்டால் வீட்டு முற்றத்தில் நின்று வாசிக்கிற மாதிரி கனமாக வரும். இன்னொரு உபயோகமும் இருக்கிறது. அசல் ஒலிப்பதிவு ஒற்றைத் தடத்தில் எடுத்தது. ரெண்டு ஸ்பீக்கரையும் சரியாக வைத்து, சரியாக வயர் பூட்டியிருந்தால், ஆளே இல்லாத நடு இடத்திலிருந்து சத்தம் வரும். நடுவில் நிற்காமல் அங்கேயும் இங்கேயும் சிதறி, அடிச்சத்தமும் காணாமல் போனால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் மாறிக்கிடக்கிறது. மாற்றிப் பூட்டினால் போதும், செலவில்லாத ரிப்பேர்.

வீட்டுக்கு வந்தபிறகு கடையில் கேட்ட சத்தம் வராது. நம்ம ஊர் கூடம் அப்படி. கீழே டைல்ஸோ மொசைக்கோ, மேலே கான்கிரீட், நாலு பக்கமும் பூசின வெறுஞ்சுவர். கை தட்டினால் கணகணவென்று திரும்பி வரும். அந்த எதிரொலியில் வசனம் குழைந்துவிடும். கூடுதல் காசு போட்டு ஸ்பீக்கர் மாற்றும் முன் கனமான திரை ஒன்று, தரையில் ஒரு சமுக்காளம், சுவரோரம் புத்தக அலமாரி, இதையெல்லாம் செய்துபாருங்கள். பத்தமடைப் பாய் பக்கத்திலேயே கிடைக்கும், அழகுதான், ஆனால் மெல்லிசு. கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் அடக்குமே தவிர அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. சப்வூஃபரை மூலையில் தள்ளாதீங்க. 50 ஹெர்ட்ஸ் சத்தத்தின் ஒரு அலையே 22 அடி நீளம், நம்ம அறை அதில் பாதி. மூலையில் வைத்தால் கோயில் கொடைக்குக் கட்டின ரேடியோ செட்டு மாதிரி ஒரே கும்கும்தான். சப்வூஃபரை முதலில் நீங்கள் உட்காருகிற இடத்தில் வைத்து ஓட விடுங்கள். அறையின் ஓரமெல்லாம் குனிந்து நடந்து, எந்த இடத்தில் அடிச்சத்தம் உறுத்தாமல் கேட்கிறதோ அங்கே கொண்டுபோய் வையுங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

தட்டு ஜெயித்தது, உருளை தோற்றது

எடிசன் நம்பினது உருளையை. எமில் பெர்லினர் என்பவர் தட்டு வடிவத்தில் கிராமபோனைக் கொண்டுவந்தார். தட்டை அடுக்கி வைக்கலாம், அச்சு மாதிரி சுலபமாகப் பிரதி எடுக்கலாம். 1902-ல் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்ததும் தட்டில்தான். அதனால்தான் நம் தாத்தா பாட்டிகள் கிராமபோன் என்றார்கள், இசைத்தட்டு என்றார்கள். ஃபோனோகிராஃப் என்ற சொல்லும் உருளையும் நம்ம வீட்டுப் பேச்சில் ஏறவே இல்லை.

கடைசியில் எடிசனும் தட்டுக்கு வந்தார், ஆனால் பிடிவாதத்தோடு. மற்றவர்கள் தட்டில் ஊசி பக்கவாட்டில் ஆடும், இவர் தட்டில் மேலும் கீழும் ஆடும். இவர் தட்டு அடுத்தவர் பெட்டியில் ஓடாது, அடுத்தவர் தட்டு இவர் பெட்டியில் ஓடாது. 250 டாலர் கொடுத்து எடிசன் பெட்டி வாங்கினவர், விக்டர் கம்பெனி வெளியிட்ட காருசோவின் பாட்டைக் கேட்க வேறு யாரோ விற்ற மாற்றுத்தலையைத் தேடி அலைய வேண்டியிருந்தது.

இன்றைக்கும் ஸ்பீக்கர் வயருக்குத் தனக்கென்று ஒரு விநோத பிளக் வைத்திருக்கிற செட்டுகள் உண்டு. மூணு வருஷம் கழித்து நடுப்பெட்டி படுத்துவிட்டால் மிச்சம் அஞ்சும் குப்பை. சாதாரண வயரைச் செருகுகிற கிளிப் உள்ள ஸ்பீக்கராக எடுங்கள், எந்த ஆம்ப்ளிஃபையரோடும் சேரும். டிவியோடு சேர்க்க ஹெச்.டி.எம்.ஐ ஏ.ஆர்.சி அல்லது ஆப்டிகல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ப்ளூடூத் போதாதா என்று கேட்கலாம். பாட்டுக்குப் போதும். படத்துக்கு? அதற்கும் எடிசனிடம் ஒரு கதை இருக்கிறது. 1912-ல் வீட்டிலேயே படம் ஓட்டிப் பார்க்க ஒரு குட்டி ப்ரொஜெக்டர் கொண்டுவந்தார். பார்த்த படத்தைத் தபாலில் அனுப்பி வேறு படம் மாற்றிக்கொள்கிற ஏற்பாடும் இருந்தது. பெரிதாக ஓடவில்லை. 1913-ல் தியேட்டர்களுக்குப் பேசும் படம் கொண்டுவந்தார். பெயர் கினடோஃபோன். திரைக்கு அருகே பாட்டுப்பெட்டி, அரங்கின் பின்கோடியில் ப்ரொஜெக்டர், ரெண்டையும் இணைக்க நீளமான கயிறும் கப்பியும். ஆபரேட்டர் கொஞ்சம் அசந்தாலும் வாய் அசைவது ஒரு நேரம், சத்தம் வருவது இன்னொரு நேரம். ஆரம்பத்தில் கைதட்டின கூட்டம் கொஞ்ச நாளில் கூச்சல் போட ஆரம்பித்தது. 1915-ல் அந்த வியாபாரமே மூடப்பட்டது. ப்ளூடூத்தில் சத்தம் சாதாரணமாக நொடியில் பத்தில் ஒன்று, சிலதில் இரண்டு பங்கு தாமதமாக வரும். சில டிவிகள் அதைச் சமாளிக்கும், எல்லாம் சமாளிக்காது. ஒரு வயர் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

பல்லால் கேட்டவர்

எடிசனின் பாட்டுத் தொழிலில் வினோதம் என்னவென்றால், யார் பாடணும், எது வெளிவரணும் என்பதை அவரே தீர்மானித்தார். ஏறக்குறைய செவிடான ஒருவர்! கொம்பில் காதை ஒட்டிவைத்துக் கேட்பார். அதுவும் போதாவிட்டால் பெட்டியின் மரத்தையோ பியானோவின் விளிம்பையோ பல்லால் கடித்துக்கொள்வார். அதிர்வு பல் வழியாக மண்டையோட்டுக்குப் போய் உள்காதைத் தொடும். இன்றைக்கு எலும்பு வழிக் கேட்கிற ஹெட்போன் விற்கிறார்களே, அதே தத்துவம். அவர் கடித்த பற்குறியோடு பாட்டுப்பெட்டி இன்னும் இருக்கிறது.

அந்தக் காதுக்கு நடுங்குகிற குரல் பிடிக்கவில்லை, சிக்கலான இசை பிடிக்கவில்லை. பாடகரின் புகழை வைத்துத் தட்டு விற்பதும் பிடிக்கவில்லை. சத்தம் சுத்தமாக இருந்தால் ஜனம் வாங்கும் என்று நம்பினார். ராஹ்மானினஃப் என்ற மகா பியானோ கலைஞர் 1919-ல் எடிசனிடம் பதிவு செய்தார், மறுவருஷமே விக்டருக்குப் போய்விட்டார். ஜனங்கள் நல்ல பெட்டியை விட்டுவிட்டு, தங்களுக்குப் பிடித்த பாட்டு இருக்கிற பெட்டியை வாங்கினார்கள்.

உங்கள் வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ காது மந்தமாக இருந்தால், இந்தக் கதையின் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். டிவி சத்தத்தைக் கூட்டிக்கூட்டி வைத்து வீட்டில் சண்டை வருவது ஊரெல்லாம் நடப்பதுதான். வயதாகும்போது முதலில் போவது கீச்சான உயர்ந்த சத்தங்கள். ச, த, ப மாதிரி எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது அந்தச் சத்தங்கள்தான். அதனால் அவர்களுக்குப் பேசுவது கேட்கும், என்ன பேசினார்கள் என்பது புரியாது. இங்கே சப்வூஃபரைக் கூட்டினால் வசனம் இன்னும் அமுங்கிப்போகும். பாஸைக் குறைத்து, ட்ரெபிளை ஏற்றி, குரலைத் தெளிவாக்குகிற பொத்தான் இருந்தால் அதைப் போட்டு, ஒரு ஸ்பீக்கரை அவர்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் நகர்த்தி வையுங்கள். ஹோம் தியேட்டருக்கு ஒதுக்கின பணத்தில் ஒரு பகுதியை எடுத்து முதலில் காது டாக்டரிடம் கூட்டிப்போவது, எந்த ஸ்பீக்கரையும்விட நல்ல முதலீடு. கடைக்கும் அவர்களைக் கூட்டிப்போங்கள். தினமும் அஞ்சு மணி நேரம் கேட்கப்போகிறவர் அவர்தான். நாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

1925-ல் மைக்கும் மின்சாரமும் வைத்துப் பதிவு செய்கிற முறை வந்தது. விக்டர் உடனே தாவியது. எடிசன் கம்பெனி 1927-ல்தான் வந்தது. அதற்குள் வீடுகளில் ரேடியோ நுழைந்துவிட்டது. ரேடியோ சத்தத்தை எடிசன் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. எதிர்க்கடைத் தட்டு மாதிரியே பக்கவாட்டு ஊசித் தட்டை அவர் கம்பெனி 1929-ல் வெளியிட்டபோது ரொம்பத் தாமதமாகிவிட்டது. அந்த அக்டோபரில் தட்டும் உருளையும் செய்வதை நிறுத்தி, அவர் பிடிக்காத ரேடியோவைச் செய்யும் வேலைக்கு ஆட்களை மாற்றினார்கள்.

எடிசன் 1931 அக்டோபர் 18 அன்று நியூ ஜெர்சி, வெஸ்ட் ஆரஞ்சில் தன் வீட்டில் இறந்தார். வயது 84. சரியாக 13 நாள் கழித்து, அக்டோபர் 31 அன்று, சென்னை கினிமா சென்ட்ரலில் காளிதாஸ் வெளியானது. தமிழ் கேட்ட முதல் பேசும் படம்.